பஞ்சு மில் ஊரில் இணையக் கம்பெனி

இந்த முறை ஒரு வரலாற்றுக் கட்டுரை. ராஜா ராணி கதை இல்லை, போர்க்களம் இல்லை. கம்பெனி ஆரம்பித்தவர்களின் கதை. அதிலும் இணையத்தில் பொருள் விற்கும் கம்பெனி, அதிலும் நம்ம கோயமுத்தூரில்.

"ஸ்டார்ட்அப்" என்றவுடன் எல்லோருக்கும் பெங்களூர்தான் ஞாபகம் வரும். மிஞ்சிப் போனால் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை. கோயமுத்தூர் என்றால் பம்ப்செட், வெட் கிரைண்டர், பனியன். (பனியன் எங்களுடையது என்று திருப்பூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும்.) "பாவம், மில் ஊர். ஐ.டி. அங்கே லேட்டாகத்தான் வந்தது" என்று சொல்பவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். லேட்டாக வந்தது உண்மை. ஆனால் வந்த பிறகு அது வளர்ந்த விதத்தைப் பார்த்தால் எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரவில்லை, பீளமேடுதான் ஞாபகம் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

1888ல் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் இங்கே முதல் நூற்பு மில்லை ஆரம்பித்தார். 1910ல் ஜி. குப்புசாமி நாயுடு லட்சுமி மில்லைத் தொடங்கினார். கரிசல் மண், பருத்தி, நூலுக்கு ஏற்ற தட்பவெப்பம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் காரணம் படித்திருப்பீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஊரைப் புரட்டிப் போட்டது 1932ல் வந்த பைக்காரா மின்சாரம். அது வந்த பிறகு மில்கள் மளமளவென்று பெருகின. கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டார் தேவைப்பட்டது.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மில் மிஷின் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஒரு பல்சக்கரம் உடைந்தால் கப்பலில் வரும் வரை காத்திருக்க முடியுமா? உள்ளூரிலேயே வார்ப்படம் ஊற்றி, கடைசல் பிடித்து, மாற்றுப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் வந்தன. உடைந்ததைச் சரி செய்து சரி செய்து, அந்த மிஷின் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கற்றுக்கொண்டார்கள். பிறகு "இதை நாமே செய்தால் என்ன?" என்று கேட்டார்கள். 1926ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் பாடமும் நடத்தியது, பம்பும் செய்தது. 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார்கள். 1962ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்தபோது, மில்லை ஓட்டிய ஊர் மில்லுக்கான மிஷினையே செய்யும் ஊராகிவிட்டது.

ஜி.டி. நாயுடுவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்துக்காரர். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித்தான் தொழிலை ஆரம்பித்தார். ஒரு பஸ் சம்பாதித்த காசில் அடுத்த பஸ். அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. இன்றைய ஸ்டார்ட்அப் பாஷையில் இதற்கு "பூட்ஸ்ட்ராப்பிங்" என்று பெயர். நம்ம ஊரில் இதற்குப் பெயரே கிடையாது. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், எதற்குப் பெயர்?

ஆக, கொங்கு நாட்டுத் தொழிலில் ஒரு வரிசை தெரிகிறது. முதலில் அடுத்தவர் மிஷினை ரிப்பேர் பார். அதில் எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொள். அந்த வலிக்கு ஒரு பொருள் செய். வந்த லாபத்தை அதிலேயே போடு. இந்த வரிசையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இணையத்துக்கு வருவோம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15ல். வி.எஸ்.என்.எல். கொடுத்தது, சென்னை உள்ளிட்ட சில பெரிய நகரங்களில் மட்டும். அதற்குச் சில வருடங்களுக்குள்ளேயே தமிழர்கள் இணையத் தொழிலில் இறங்கிவிட்டார்கள். முருகவேல் ஜானகிராமன் 1997ல் அமெரிக்காவில் இருந்தபடி தமிழர்களுக்காக ஒரு இணையதளம் நடத்தினார். பண்டிகை, செய்தி, எல்லாம் இருந்தது. ஆனால் ஜனங்கள் தேடி வந்தது ஒரு மூலையில் இருந்த வரன் பகுதிக்கு! அதைக் கவனித்து, அதையே தனித் தொழிலாக்கினார். 2000ல் பாரத் மேட்ரிமோனி வந்தது. தான் விற்க நினைத்ததை விட்டுவிட்டு, வந்தவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்தது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

1996ல் ஸ்ரீதர் வேம்புவும் நண்பர்களும் அட்வென்ட்நெட் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அதுதான் பின்னால் ஸோஹோ ஆனது. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்றார்கள். 2001ல் டாட்காம் குமிழி வெடித்தபோது அந்த வாடிக்கையாளர்கள் கொத்துக் கொத்தாகக் காணாமல் போனார்கள். வெளியார் முதலீடு வாங்கியிருந்தால் அன்றைக்கே கடையை மூடச் சொல்லியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். கையில் இருந்த காசை வைத்துக்கொண்டு வேறு பொருள் செய்தார்கள். 2005ல் ஸோஹோ என்ற பெயரில் இணையவழி மென்பொருள் வந்தது. அதே 2005ல் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்குத் தாங்களே பயிற்சி கொடுக்கும் பள்ளியையும் தொடங்கினார்கள். பட்டறையில் பையனை வைத்துத் தொழில் கற்றுக் கொடுப்பது போல.

இவை சென்னைக் கதைகள். கோயமுத்தூர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? பிள்ளைகளை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது! ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. என்று நல்ல கல்லூரிகள். கூடவே கொங்கு நாடு முழுக்க புற்றீசல் போல புதிய பொறியியல் கல்லூரிகள். படித்து முடித்தவுடன் ராத்திரி பஸ்ஸில் பெங்களூர். 2010ல் விளாங்குறிச்சியில் டைடல் பார்க் வந்தது. செம்மொழி மாநாடு நடந்த அதே வருடம். காக்னிசன்ட், பாஷ் போன்றவை இங்கே கிளை விரித்தன. சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. ஆனால் அவை பெரும்பாலும் சேவை நிறுவனங்கள். அடுத்தவர் சொன்ன வேலையை ஆள் கணக்கு, மணி கணக்கில் செய்து கொடுப்பவை. நான் மேலே சொன்ன வரிசையில் இது முதல் படி, ரிப்பேர் படி. கேவலமாகச் சொல்லவில்லை, அந்தப் படி இல்லாமல் அடுத்த படி கிடையாது.

அடுத்த படியில் ஏறியவர்களில் சரவணகுமார் என்பவரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

இவர் லண்டனில் பிஸ்டாக் வல்லுநராக வேலை செய்தவர். பிஸ்டாக் சர்வர் என்பது மைக்ரோசாஃப்ட் 2000ல் வெளியிட்ட மென்பொருள். ஒரு பெரிய கம்பெனியில் கணக்குக்கு ஒரு மென்பொருள், கிடங்குக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று இருக்கும். ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்து, தகவலைக் கடத்துவதுதான் பிஸ்டாக்கின் வேலை. நடுவில் இருப்பது நின்றுபோனால் எல்லாமே நின்றுபோகும். அதை நாள் முழுக்கக் கண்காணிக்க மைக்ரோசாஃப்ட் கொடுத்த கருவிகள் போதவில்லை. யார் எதை மாற்றினார்கள், எங்கே சிக்கிக்கொண்டது, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்பதெல்லாம் பெரிய தலைவலி.

வாடிக்கையாளர் இடத்துக்கே போய் இதைச் சரி செய்து கொடுத்தவருக்கு அந்த வலி எங்கே என்று தெரியாமல் இருக்குமா? 2011ல் பிஸ்டாக்360 என்ற பொருளைக் கொண்டு வந்தார். பிரவுசரைத் திறந்தால் பிஸ்டாக்கின் மொத்த ஆரோக்கியமும் ஒரே இடத்தில் தெரியும். கம்பெனி லண்டனிலும் கோயமுத்தூரிலும் வளர்ந்தது. பெயர் கோவை.கோ. ஊர்ப் பெயரையே கம்பெனிக்கு வைத்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் அதை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

இதில் கவனிக்க வேண்டியது சந்தையின் அளவு. உலகம் முழுக்க பிஸ்டாக் வைத்திருக்கும் கம்பெனிகள் கொஞ்சம்தான். எந்த முதலீட்டாளரிடம் போனாலும் "சந்தை சின்னது" என்று திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் சின்னச் சந்தைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். சரவணகுமார் பிஸ்டாக் பற்றித் தொடர்ந்து எழுதி வந்தவர், மைக்ரோசாஃப்ட் எம்.வி.பி. என்று அங்கீகாரம் கொடுத்த நிபுணர்களில் ஒருவர். பிற்பாடு இன்டெக்ரேட் என்று லண்டனில் ஆண்டுதோறும் ஒரு மாநாட்டையே அந்தக் கம்பெனி நடத்தியது. விளம்பரத்துக்குக் காசு கொட்டாமல், அந்தத் துறைக்காரர்கள் கூடும் திண்ணையையே தன் வீட்டில் போட்டுவிட்டார் என்று சொல்லலாம்.

முகம் தெரியாத கோயமுத்தூர் கம்பெனியை நம்பி ஐரோப்பாவில் இருப்பவன் ஏன் காசு கொடுக்க வேண்டும்? இணைய வியாபாரத்தின் மொத்தச் சூட்சுமமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இலவசமாகச் சொல்லிக் கொடுத்தவனிடம்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

அடுத்து வந்த டாக்குமென்ட்360 வேறு ரகம். தங்கள் பொருட்களுக்கான கையேடுகளை இணையத்தில் வைக்க ஒரு நல்ல மென்பொருள் தேடினார்களாம். எதுவும் சரியாக அமையவில்லை. கம்பெனிக்குள் நடந்த ஒரு ஹேக்கத்தானில் தாங்களே செய்து பார்த்தார்கள். 2018ல் அது விற்பனைக்கு வந்தது. பிஸ்டாக் வைத்திருப்பவர்தான் என்றில்லை, மென்பொருள் விற்கும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சின்னக் கிணற்றிலிருந்து ஆற்றுக்கு வந்த மாதிரி. ஆற்றில் போட்டியும் அதிகம்.

இந்தச் சந்தா வியாபாரத்தின் கணக்கு என்னைப் போன்ற மாணவர்களுக்குச் சுலபமாகப் புரிவதில்லை. அதனால் ஒரு உதாரணம் (எண்கள் நான் போட்டவை). 100 வாடிக்கையாளர், ஆளுக்கு மாதம் 100 டாலர். மாதம் 10,000 டாலர் வருகிறது. மாதத்துக்கு 100க்கு 5 பேர் விலகினால் ஒரு வருடம் கழித்து அந்த 100 பேரில் சுமார் 54 பேர்தான் மிச்சம். 100க்கு 1 பேர் மட்டும் விலகினால் சுமார் 89 பேர் இருப்பார்கள். முதல் கம்பெனி ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறது. எவ்வளவு விளம்பரம் செய்தாலும் வருடா வருடம் பாதியைப் புதிதாகப் பிடிக்க வேண்டும். இரண்டாவது கம்பெனி நிதானமாக வளரலாம். அதனால்தான் சொந்தக் காசில் நடத்துபவர்கள் புது ஆளைப் பிடிப்பதைவிட இருப்பவரைத் தக்கவைப்பதில் குறியாக இருக்கிறார்கள். மளிகைக் கடை அண்ணாச்சிக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிர்ப் பாதை ஃப்ரெஷ்வொர்க்ஸ். திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் ஸோஹோவில் வேலை பார்த்தவர். ஸென்டெஸ்க் என்ற அமெரிக்கக் கம்பெனி திடீரென விலையை ஏற்ற, வாடிக்கையாளர்கள் கொதித்துப் போயிருந்த நேரம். "சரியான விலையில் யாராவது செய்தால் நல்ல வாய்ப்பு" என்ற பொருளில் ஒருவர் இணையத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, 2010ல் வேலையை விட்டு இறங்கினார். 2011ல் கிடைத்த முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி, அட்வெல் காலேஜ். அதே வருடம் ஆக்ஸெல் நிறுவனம் முதலீடு செய்தது. அடுத்தடுத்து முதலீடுகள். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. பங்கு வைத்திருந்த ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று செய்தி வந்தது. பத்தே வருடத்தில்! வெளியார் பணம் இல்லாமல் இந்த வேகம் நடந்திருக்காது. "சொந்தக் காசுதான் உசத்தி" என்று பேசுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவதாக ஒரு கலப்புப் பாதையும் உண்டு. 2015ல் கணேஷ் சங்கர் உள்ளிட்ட மூன்று பேர் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஆர்.எஃப்.பி.ஐ.ஓ. என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். டெண்டருக்கு முன்னால் பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் கேள்வி அனுப்பும். அதற்குப் பதில் எழுதுவதைச் சுலபமாக்கும் மென்பொருள். விற்பனை அங்கே, உருவாக்கும் வேலையில் பெரும்பகுதி கோயமுத்தூரில். 2018ல் கே1 என்ற முதலீட்டு நிறுவனம் 2.5 கோடி டாலர் போட்டது. 2023ல் கம்பெனி ரெஸ்பான்சிவ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இப்போது கொஞ்சம் கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். "சொந்தக் காசில் வளர்ந்தார்" என்று சொல்கிறோமே, அந்தச் சொந்தக் காசு எங்கிருந்து வந்தது? மில் காலத்தில் அது நிலமும் பருத்தி வியாபாரமும் வைத்திருந்த நாயுடு, கவுண்டர் குடும்பங்களிடமிருந்து வந்தது. மாமன், மச்சான், பங்காளி என்று சொந்தத்துக்குள்ளேயே கடன் புரண்டது. திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004ல் ஒரு ஆங்கில நூல் வெளியிட்டார். தொழிலாளியாக நுழைந்த விவசாயக் குடும்பத்துக் கவுண்டர்கள், தங்கள் உழைப்பையே மூலதனமாகச் சொல்லி முதலாளிகள் ஆனதை அதில் விரிவாகப் பேசுகிறார். உழைப்பு நிஜம். ஆனால் பக்கத்துத் தறியில் அதே அளவு உழைத்த, சொந்தபந்தம் வேறாக இருந்த ஒருவருக்கு அதே கடன் கிடைத்திருக்குமா? இணையக் காலத்தில் ஜாதிக்குப் பதில் லண்டன் சம்பளமும் அமெரிக்க விசாவும் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. பவுண்டில் சம்பாதித்துச் சேர்த்தவருக்கு இரண்டு வருடம் வருமானமில்லாமல் தாக்குப்பிடிக்க முடியும். கல்விக் கடன் கட்டும் கோபிச்செட்டிபாளையத்துப் பையனுக்கு முடியாது. அவனுக்கு வெளி முதலீடு பேராசை இல்லை, அதுதான் ஒரே வழி.

லாபத்தில் யாருக்குப் பங்கு என்ற கேள்வியும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1946 ஜனவரி 8ல் சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு மில் தொழிலாளர்கள் கோயமுத்தூர் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். மில் முதலாளிகளின் சாதனையைச் சொல்லும் கட்டுரைகளில் இந்தத் தேதி வராது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கோவை.கோ 2022ல் ஒரு அறிவிப்பு செய்தது. மூன்று வருடம் கம்பெனியில் இருப்பவர்களுக்கு ஆண்டுச் சம்பளத்தில் பாதி போனஸ். 2025 தொடக்கத்தில் அது கைக்கு வர ஆரம்பித்தது. சுமார் 140 பேருக்கு, மொத்தம் 14 கோடி ரூபாய்க்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. பங்கு கொடுக்காமல் ஏன் ரொக்கம் என்பதற்கு சரவணகுமார் சொன்ன காரணம் நியாயமாகப் பட்டது. கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனாலோ, வெளியார் வாங்கினாலோதான் அந்தப் பங்குக்கு மதிப்பு, அதுவரை அது காகிதம். வெளி முதலீடே வாங்காத கம்பெனியில் காகிதத்தைக் கொடுத்து என்ன பயன்? ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். போனஸ் வாங்கியவர் ஊழியராகவே இருக்கிறார், பங்கு வாங்கியவர் சிறு அளவிலாவது உரிமையாளர். ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஊழியர்கள் சிலர் அந்தப் பணத்தில் அடுத்த கம்பெனி ஆரம்பிக்க முடியும். அரைச் சம்பள போனஸில் வீட்டுக் கடன் குறையும், கம்பெனி ஆரம்பிக்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். என் வகுப்புத் தோழன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, "முதல்ல எனக்கு அந்த போனஸ் குடுக்கச் சொல்லு, அப்புறம் உரிமையைப் பத்தி யோசிக்கலாம்" என்றான். அதுவும் நியாயம்தான் :-)

பிஸ்டாக் சர்வரின் 2020ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் புதிய பதிப்பு கொண்டு வரவில்லை. மேகக் கணிமைக்குப் போங்கள் என்கிறது. அடுத்தவர் மிஷினை நம்பி எழுந்த தொழிலுக்கு இது எப்போதும் உள்ள ஆபத்து. மில்கள் நசிந்தபோது அவற்றுக்குப் பாகம் செய்த பட்டறைகளும் இதைப் பார்த்தன. சில மூடின, சில பம்புக்கும் கார் உதிரிபாகத்துக்கும் மாறிப் பிழைத்தன. கோவை.கோ மேகத்துக்கான டர்போ360, கையேடுகளுக்கான டாக்குமென்ட்360 என்று முன்பே வேறு கால்களை ஊன்றிக்கொண்டது. 2024ல் பெங்களூரைச் சேர்ந்த ஃப்ளோயிக் என்ற சிறு நிறுவனத்தையும் வாங்கியது. பெங்களூர்க் கம்பெனியை ஒரு கோயமுத்தூர்க் கம்பெனி வாங்குகிறது என்ற செய்தியைப் படித்தபோது, ராத்திரி பஸ் பிடித்துப் போன சீனியர் அண்ணன்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் இப்படி இணையத்தில் தொழில் நடத்துபவர்களைத் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சரக்கு இருந்தால் இன்னொரு பதிவு போடுகிறேன்.